"தம்பி, கையைக் கொஞ்சம் பிடி"

ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் பக்கத்தில் போகும் திருச்சி–சென்னை நான்குவழிச் சாலையில், இரவு நேரத்தில் ஒரு பைக் லாரியின் பின்னால் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். 108 ஆம்புலன்ஸ் வந்து, அடிபட்டவரின் கழுத்துக்குப் பட்டை போட்டு, பலகையில் கிடத்திப் பெரம்பலூருக்குக் கொண்டுபோகிறது. கழுத்து முள்ளெலும்புக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார் டூட்டி டாக்டர். போர்ட்டபிள் மிஷின் வருகிறது. முதல் படத்தில் தோள்பட்டை மறைத்து ஏழாவது எலும்பு தெரியவில்லை. "தம்பி, கால் பக்கம் நின்னு ரெண்டு கையையும் கீழே இழுத்துப் பிடி" என்கிறார்கள். அந்தத் தம்பி பயிற்சிக்கு வந்த மாணவன். உடம்பில் கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரனும் இல்லை, வாங்கிய கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜும் இல்லை.

நானும் மாணவனாக இருந்தபோது அப்படிப் பிடித்திருக்கிறேன், ஒரு தடவை அல்ல, பல தடவை. மறுத்தால் இன்டர்னல் மார்க் போய்விடும் என்ற பயம். அது என் வேலையே இல்லை என்று அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்திலிருந்து ரேடியோகிராபி படிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். சுவிட்சை விட்டதும் எக்ஸ்ரே நின்றுவிடும். அறையில் கதிர் தங்கியிருக்கும் என்பது வீண்பயம். சுவிட்சு அழுந்தியிருக்கும் அந்த நொடியில் நோயாளியின் உடம்பில் பட்டு நாலாபக்கமும் சிதறும் கதிர்தான் பக்கத்தில் நிற்பவரைத் தாக்குகிறது. தூரம் இரண்டு மடங்கானால் அது கால் பங்காகக் குறையும். அதனால்தான் நடமாடும் எக்ஸ்ரே மிஷினின் சுவிட்சு வயர் குறைந்தது இரண்டு மீட்டர் நீளம் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். வார்டில் அந்த வயரைச் சுருட்டி வைத்துக்கொண்டு மிஷினை ஒட்டி நின்று ஷாட் கொடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறும்.

ஏப்ரன் போட்டால் பிடிக்கலாமா? ஏப்ரன் சிதறிவரும் கதிரைத்தான் பெருமளவு தடுக்கும், நேர்க்கதிருக்கு அது கவசம் ஆகாது. நோயாளியைப் பிடிக்கும் கையோ நேர்க்கதிரின் பாதையில் போய்விடக்கூடும். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டேலி தன் கைகளையே எக்ஸ்ரேயில் காட்டிக் காட்டிச் சோதனை செய்தவர். கைகளை வெட்டி எடுத்தும் புற்றுநோய் விடாமல் 1904இல் இறந்துபோனார். இன்றைய மிஷின்களின் கதிர் அளவு அதற்குப் பக்கத்தில்கூட வராது, அது உண்மை. ஆனால் பிடிக்கும் வேலை தினமும் ஒரே ஆள் தலையில் விழுந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். ஆகவே எக்ஸ்ரே பணியாளரோ மாணவரோ வழக்கமாகப் பிடிக்கும் ஆளாக இருக்கக் கூடாது. மணல் மூட்டை, பட்டை, ஸ்பாஞ்ச் எதுவும் உதவாதபோது, கர்ப்பிணியாக இல்லாத வயதுவந்த உறவினர் ஒருவர் ஏப்ரனும் கையுறையும் போட்டு, நேர்க்கதிருக்கு வெளியே நின்று பிடிக்கலாம்.

அடிபட்டவருக்கும் இதில் உரிமை உண்டு. கை எலும்பு முறிந்திருக்கும் ஆளின் கையை இழுப்பது கொடுமை. நோயாளியைத் திருப்பாமல் மிஷினைத் திருப்பு என்பதுதான் விபத்து ரேடியோகிராபியின் முதல் பாடம். டாக்டர் சொல்லாமல் கழுத்துப் பட்டையைக் கழற்றக் கூடாது. ஏழாவது எலும்பு தெரியாவிட்டால் ஒரு கையை மட்டும் தலைக்கு மேல் தூக்கி எடுக்கும் நீச்சல் நிலைப் படம் இருக்கிறது. அதற்கும் டாக்டர் சம்மதிக்க வேண்டும். சி.டி. ஸ்கேன் இருந்தால் இன்னும் நல்லது. பெண்ணாக இருந்தால் கர்ப்பமா என்று கேட்டுவிட்டுத்தான் சுவிட்சைத் தொட வேண்டும். போலீஸ் வரட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் நடக்கிறது. ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் அதைப் பற்றிக் கேளுங்கள்.

ஆபரேஷன் தியேட்டர் தனிக்கதை. எலும்புக்கு ராடு போடும்போது சி-ஆர்ம் என்னும் எக்ஸ்ரே மிஷின் நிமிடக்கணக்கில் ஓடும். எக்ஸ்ரே குழாய் மேசைக்கு அடியிலும் படம் வாங்கும் பகுதி மேலேயும் இருந்தால், சிதறும் கதிரில் பெரும்பகுதி தரைப்பக்கம் போகும். தலைகீழாகத் திருப்பினால் முகத்துக்கும் கண்ணுக்கும் வரும். பக்கவாட்டில் திருப்பும்போது குழாய் இருக்கும் பக்கம் நிற்காதீர்கள், படம் வாங்கும் பக்கம் வந்து நில்லுங்கள். இதை மட்டுமாவது முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள்.

இனி சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2004ஆம் ஆண்டின் அணுசக்திக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி 16 வயதுக்குக் குறைந்தவரைக் கதிர்வீச்சுப் பயிற்சிக்கே எடுக்கக் கூடாது, 18 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைக்கக் கூடாது. பணியாளர் வாங்கும் கதிர் அளவுக்கு உச்சவரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. 16 முதல் 18 வயதுப் பயிற்சியாளருக்கு ஆண்டுக்கு 6 மட்டுமே. கர்ப்பம் என்று தெரிந்ததும் பெண் பணியாளர் நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும். அதன்பின் வயிற்றுக் குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகாதபடி வேலையை மாற்றித் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு.

இந்தக் கணக்கெல்லாம் பேட்ஜில்தான் பதிவாகும். அதை ஏப்ரனுக்கு உள்ளே நெஞ்சில் அணிய வேண்டும். அது வீட்டு ஆணியிலோ லாக்கரிலோ தொங்கினால் உங்கள் உடம்பு வாங்கியதற்குச் சாட்சியே இருக்காது. அடுத்தவர் பேட்ஜை மாட்டிக்கொண்டால் இரண்டு பேர் கணக்கும் பொய்யாகிவிடும். பணியாளர் கேட்டால் அவருடைய அளவுப் பதிவை நிர்வாகம் தர வேண்டும், வேலையை விட்டுப் போகும்போதும் தர வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. பலருக்கு இது தெரிவதே இல்லை.

பேட்ஜ் தராமல் வேலை வாங்கினால் முதலில் கல்லூரித் துறைத் தலைவரிடமும் மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடமும் எழுத்தில் கொடுங்கள், தேதி போட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பலனில்லை என்றால் மும்பையில் உள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதலாம். தனியாகப் போகப் பயமாக இருந்தால் வகுப்பே சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள்.

பெற்றோரே, பிள்ளை பயிற்சியின் முதல் நாள் முடிந்து வீட்டுக்கு வரும்போது, சாப்பிட்டாயா என்று கேட்டதும் பேட்ஜ் கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் மறுநாள் காலையிலேயே கல்லூரிக்கு நீங்களே போய்ப் பேசுங்கள்.