மிஞ்சியது போகும் வழி

புக்கிட் மெர்தாஜாமின் பழைய சந்தையையும் ரயில் நிலையத்தையும் ஒட்டியிருந்த சாப்பாட்டுக் கடைகளில், இரவு மிஞ்சியதைக் கணக்குப் பார்க்க அன்று யாருக்கும் தாள் தேவைப்படவில்லை. நன்றாக இருந்த சோறும் கறியும் வேலையாட்களின் வீட்டுக்குப் போகும். பின்வாசலில் வந்து நிற்கும் ஒன்றிரண்டு பேருக்குப் பொட்டலம் கட்டப்படும். அதற்கும் மேல் எஞ்சியது டின்னில் விழும். சில கடைகளில் மறுநாள் காலை பன்றி வளர்ப்பவர் வந்து அந்த டின்னை எடுத்துப் போவார். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஒருவரையொருவர் தெரியும். சோறு கெட்டிருந்தால் அடுத்த நாளே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடலாம்.

மிஞ்சியதும் அன்று குறைவு. குளிர்பெட்டி இல்லாத கடையில் அளவுதான் சமையல்காரரின் திறமை. தோட்டத்துச் சம்பள நாளுக்கு ஒரு படி, மாதக் கடைசிக்கு வேறு படி என்று பார்த்துத்தான் உலையில் அரிசி விழும். மிஞ்சுவது பெரும்பாலும் சமைத்த உணவாகவே இருக்கும். அன்றிரவே அது யாருடைய வயிற்றுக்காவது போயாக வேண்டும்.

இன்று ஊரும் மாறிவிட்டது, மிச்சமும் மாறிவிட்டது. ரப்பர்த் தோட்டமாக இருந்த அல்மா பக்கம் இப்போது வீடமைப்புகளும் ஏயோன் பேரங்காடியும் நிற்கின்றன. சமைத்த சோற்றோடு, தேதி நெருங்கிய ரொட்டியும் பாலும், உறை நசுங்கிய பிஸ்கட்டும், வளைந்து போனதால் யாரும் எடுக்காத காரட்டும் இன்று மிச்சக் கணக்கில் சேர்கின்றன. மலேசியாவில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 17,000 டன் உணவு குப்பைக்குப் போவதாகவும், அதில் சுமார் 4,000 டன் இன்னும் சாப்பிடக்கூடிய நிலையில் இருப்பதாகவும் திடக்கழிவு நிர்வாகக் கழகம் மதிப்பிட்டது. புக்கிட் மெர்தாஜாம் அடங்கிய செபராங் பிறையின் குப்பை நிபோங் தெபால் அருகே புலாவ் புரோங் குப்பை நிலத்தில் சேர்கிறது. 2022 ஜனவரியில் அந்த நிலம் தீப்பற்றிப் பல நாள் புகைந்தது. அன்றைய டின் ஒரு பண்ணைக்குப் போனது. இன்றைய பையில் இருப்பது மண்ணுக்கும் புகைக்கும் போகிறது.

இந்த மிச்சத்துக்கு வேறொரு வழி உண்டு என்று முதலில் காட்டியது அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரம். 1967இல் ஜான் வான் ஹெங்கல் அங்கே தொடங்கிய கிடங்குதான் உலகின் முதல் உணவு வங்கி. மலேசியாவில் தேசியத் திட்டம் வருவதற்கு முன்பே பினாங்கில் முத்தியாரா உணவு வங்கி செயல்பட்டது. டெஸ்கோ கடைகளில் விற்காமல் நின்ற காய்கறியும் பழமும் பராமரிப்பு இல்லங்களுக்கும் ஏழைக் குடும்பங்களுக்கும் போயின. 2018 டிசம்பரில் ஃபுட் பேங்க் மலேசியா திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. பிறகு அதற்கென ஓர் அறவாரியமும் அமைந்தது.

அப்படியும் பல கடைக்காரர்களுக்கு ஒரு பயம் இருந்தது. கொடுத்த சாப்பாட்டால் யாருக்காவது வயிறு கெட்டால் வழக்கு யார் மேல் வரும்? பின்வாசல் பொட்டலத்தைப் பற்றி இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. உணவு கைமாறிக் கைமாறி முன்பின் தெரியாத வீட்டுக்குப் போகத் தொடங்கியதும் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. இதற்குப் பதிலாக வந்ததுதான் 2020ஆம் ஆண்டின் உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம், சட்டம் 826. அது நடப்புக்கு வந்த நாள் 2020 மார்ச் 31. கோவிட் தொற்றுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி இரண்டு வாரமே ஆகியிருந்தது. கடைகளில் சரக்கு தேங்கிக் கிடந்தது, வீடுகளில் அரிசி தீர்ந்துகொண்டிருந்தது.

சட்டம் கொடுப்பவரிடம் கேட்பது அதிகமில்லை. உணவு கையைவிட்டுப் போகும்போது உண்ணத் தகுந்ததாக இருக்க வேண்டும். அதை எப்படி வைத்திருக்க வேண்டும், எதற்குள் சாப்பிட வேண்டும் என்பதைப் பெறுபவரிடம் சொல்லியிருக்க வேண்டும். இவற்றைச் செய்தவர் மேல், அவருடைய கவனக்குறைவு இல்லாதவரை, இழப்பீட்டுப் பொறுப்பு விழாது.

நடைமுறை இதிலிருந்தே பிறக்கிறது. முதலில் தேதியைப் பார்க்க வேண்டும். தரம் குறையத் தொடங்கும் தேதி ஒன்று, அதற்குப் பின் உண்ணவே கூடாது என்ற தேதி இன்னொன்று. முதலாவதைக் கடந்த பிஸ்கட்டில் மொறுமொறுப்பு குறைந்திருக்கலாம், ஆபத்து அதிகமில்லை. இரண்டாவதைக் கடந்த பாலைக் கொடுக்கவே கூடாது. ஆனாலும் இரண்டில் எதுவானாலும் தேதிக்குச் சில நாள் முன்பே தனியாக எடுத்து வைப்பதுதான் நல்லது. உணவு ஒரு வீட்டின் அடுப்பை எட்டவும் நாள் வேண்டுமே. குளிர்ச்சியில் இருந்தது குளிர்ச்சியிலேயே போக வேண்டும். இன்ன பொருள், இத்தனை பெட்டி, இந்த மணிக்கு வந்து எடுக்கலாம் என்று உணவு வங்கிக்கோ அருகிலுள்ள இல்லத்துக்கோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சமைத்த சோறுதான் கடினம். 5 முதல் 60 டிகிரி வரையிலான சூட்டில் கிருமி வேகமாகப் பெருகும். சமைத்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று சுகாதார அமைச்சு சொல்வது இதனால்தான். கல்யாண மண்டபத்தில் பன்னிரண்டு மணிக்கு இறக்கிய சாம்பார் சாதத்தைப் பந்தி முடிந்து நான்கு மணிக்கு மேல் யாரையாவது தேடிக் கொடுப்பது தானமாகாது. கோயம்புத்தூரில் 2014இல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ அமைப்பு இந்த நேரத்தோடுதான் போட்டி போடுகிறது. மண்டபத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தால் ஆட்கள் வண்டியோடு வந்து உணவை எடுத்துப் போகிறார்கள்.

கிடைத்ததையும் இழந்ததையும் நேர்மையாக எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். அன்றைய முறை எட்டியது நான்கைந்து பேரைத்தான், அதுவும் கடை வாசலுக்கு வரத் துணிந்தவர்களை மட்டும். நடக்க முடியாத முதியவரும், கேட்கக் கூசிய தாயும், வேலை போன செய்தியை அக்கம்பக்கத்தாரிடம் மறைத்த தகப்பனும் அந்தக் கணக்கில் வரவே இல்லை. இன்று அந்த வீட்டுக்கு ஒரு பை போகிறது. எந்தக் கடை கொடுத்தது என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. இது பெரிய லாபம். கேட்டு வாங்கும் வலி அதில் இல்லை.

போனது முகம். யார் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தபோது, மேலே ஒரு கரண்டி குழம்பு கூடவே விழும். அந்தப் பொட்டலத்தைக் கட்டும்போது சோற்றை முகர்ந்து பார்க்காத கடைக்காரர் இல்லை. பெட்டி எண்ணிக்கையாக மாறிய தானத்தில் இந்த அக்கறை தானாக வராது. தேதி, சூடு, நேரம் என்று எழுதி வைப்பதை வெறும் தாள் வேலையாக நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று மூக்கும் கையும் செய்த வேலையைத்தான், முகம் தெரியாதவருக்காக இன்று அந்த எழுத்து செய்கிறது.

அளவு பார்த்து உலை வைத்த பழைய பழக்கமும் பெரும்பாலும் போய்விட்டது. அதையாவது மீட்டெடுக்க முடியும். மிச்சமே இல்லாத சமையல் எந்த உணவு வங்கியையும்விட மேலானது. அப்படியும் மிஞ்சினால், கடை சாத்தும் வரை காத்திருக்கக் கூடாது. அன்று மிச்சத்தைக் கொடுப்பது நாளின் கடைசி வேலை. இன்று அது நடுப்பகல் வேலை. மதியக் கூட்டம் ஓய்ந்ததும் எது விற்கும், எது நிற்கும் என்று ஒருமுறை பார்த்துவிட்டு, சோறு சூடாக இருக்கும்போதே அருகிலுள்ள இல்லத்தைக் கூப்பிட்டுச் சொல்லும் கடைக்காரர், இருந்த பழைய மனத்தையும் வந்திருக்கும் புதிய சட்டத்தையும் சேர்த்தே காப்பாற்றுகிறார்.