உங்களுக்குத் தெரியுமா? விமானம் எந்த மோடில் இருக்கிறது?

சென்னைப் புறநகரில், சேக்காட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போகும் விமானங்கள் தெரியும். அவற்றின் மூக்கை ஏற்றி இறக்குவது ஆட்டோபைலட். இன்ஜினைக் கூட்டிக் குறைப்பது ஆட்டோத்ரஸ்ட். இரண்டும் வேறு வேறு.

🔹 ஆட்டோத்ரஸ்ட் எப்போதும் வேகத்தைக் காக்கும் என்று நம்பக் கூடாது. 'ஸ்பீடு' மோடில்தான் காக்கும். 'ஓப்பன் டிசென்ட்' மோடில் இன்ஜின் ஐடிலில் கிடக்கும்; மூக்கைத் தாழ்த்தித்தான் வேகம் கிடைக்கும். அப்போது மூக்கைத் தூக்கிப் பிடித்தால் வேகம் கரைந்துகொண்டே போகும்.

🔹 1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் நடந்தது இதுதான். பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320, எச்.ஏ.எல். ஓடுபாதைக்கு முன்பே கோல்ஃப் மைதானத்தில் மோதியது. 146 பேரில் 92 பேர் உயிரிழந்தனர். விமானம் வாங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன.

நிமிடத்துக்கு 700 அடி இறங்கச் சொல்ல நினைத்த விமானி, பக்கத்துக் குமிழைத் திருகி 700 அடி உயரத்தைக் கொடுத்துவிட்டார் என்பதே விசாரணையில் வலுப்பெற்ற விளக்கம். பெங்களூரோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,900 அடி உயரத்தில் இருக்கிறது! விமானம் ஓப்பன் டிசென்ட்டுக்குப் போனது. விமானிகளுக்குத் திரையில் வழிகாட்டும் ஃப்ளைட் டைரக்டர் இரண்டையும் அணைத்திருந்தால் ஸ்பீடு மோடு திரும்பியிருக்கும். ஒன்றை மட்டும் அணைத்தார்கள். ஏர்பஸ்ஸில் ஆட்டோத்ரஸ்ட் வேலை செய்யும்போது த்ரஸ்ட் லீவர் அசையாது என்பதால், இன்ஜின் ஓய்ந்து கிடப்பதைக் கையும் உணரவில்லை. கவனித்து லீவரைத் தள்ளியபோது தரை நெருங்கிவிட்டது. ஐடிலில் கிடக்கும் ஜெட் இன்ஜின் முழு வலுவுக்கு வரச் சில வினாடிகள் பிடிக்கும். இதை விமானியின் தவறு என்று மட்டும் எழுதி முடிப்பது நியாயமில்லை.

🔹 போயிங்கில் லீவர் அசையும். ஆனாலும் 2013 ஜூலை 6 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏசியானா ஏர்லைன்ஸின் போயிங் 777 கடற்சுவரில் மோதியது. ஆட்டோத்ராட்டில் (ஆட்டோத்ரஸ்ட்டுக்குப் போயிங் வைத்த பெயர்), வேகத்தைக் காக்காத 'ஹோல்டு' மோடில் நின்றுவிட்டது. வேகத்தை அது பார்த்துக்கொள்ளும் என்று விமானி நம்பியிருந்தார். 3 பேர் உயிரிழந்தனர்.

🔹 1992 ஜனவரி 20, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர். 3.3 டிகிரி சரிவில் இறங்க வேண்டிய ஏ320, நிமிடத்துக்கு 3,300 அடி வீதம் இறங்கி மலையில் மோதியது. 87 பேர் பலி. ஒரே குமிழ், ஒரே ஜன்னல், இரண்டு மோடு: சரிவுக் கோணம், இறங்கு வேகம். திரையில் ஒன்று '-3.3', மற்றது '-33'. பின்னர் ஏர்பஸ் இறங்கு வேகத்தை நான்கு இலக்கமாகக் காட்டும்படி மாற்றியது.

🔹 எந்த மோடு ஓடுகிறது என்பது விமானியின் முன்திரையில், மேல் வரிசையில் தெரியும். அது மாறும்போதெல்லாம் விமானிகள் இன்று வாய்விட்டுப் படிக்கிறார்கள்.