21 ஆண்டுகள்... ஒரே சொல்! மூளைக்குள் மொழி எங்கே இருக்கிறது?

பெயர் என்ன என்று கேட்டால், 'தான் தான்'. வலிக்கிறதா என்று கேட்டாலும் 'தான் தான்'. பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள பிசெத்ர் மருத்துவமனையில் 21 ஆண்டுகள் இருந்த அந்த மனிதருக்கு இந்த ஒரு ஒலிதான் வந்தது. எல்லோரும் அவரை 'தான்' என்றே கூப்பிட்டார்கள். (நம்ம 'நான்தான்', 'நீதான்' இல்லை. பொருளே இல்லாத வெறும் ஒலி.) உண்மைப் பெயர் லூயி விக்டர் லெபோர்ன்.

1861 ஏப்ரலில் கால் அழுகிய நிலையில், பால் ப்ரோகா என்ற அறுவை சிகிச்சை மருத்துவரிடம் அவர் கொண்டுவரப்பட்டார். "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?" என்று கேட்டார் ப்ரோகா. லெபோர்ன் இடது கையை நான்கு முறை விரித்துக் காட்டிவிட்டு, கடைசியாக ஒரு விரலை நீட்டினார். 21! மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது முறை கேட்டபோது, தன்னை வைத்து டெஸ்ட் பண்றாங்க என்று புரிந்துகொண்டு கடுப்பாகிவிட்டார். அப்போது ஒரு கெட்ட வார்த்தை மட்டும் தெளிவாக வந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கேள்வி புரிகிறது, கணக்கு தெரிகிறது, கோபம் வருகிறது. வார்த்தை மட்டும் இல்லை.

ஏப்ரல் 17-ம் தேதி அவர் இறந்தார். மூளையை எடுத்துப் பார்த்த ப்ரோகா, இடது பக்க முன்பகுதியில் கோழி முட்டை அளவுக்கு ஒரு பள்ளம் இருப்பதைக் கண்டார். அந்த இடத்தைத்தான் இன்றும் 'ப்ரோகா பகுதி' என்கிறோம். 1874-ல், 26 வயதே ஆன ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே இதற்கு நேரெதிரான சிக்கலை விவரித்தார். இடது காதுக்கு மேலே, சற்றுப் பின்னால் உள்ள பகுதி பாதிக்கப்பட்டவர்கள் சரளமாகப் பேசினார்கள், ஆனால் பேச்சில் பொருள் இல்லை. மற்றவர்கள் சொல்வதும் அவர்களுக்குச் சரியாகப் புரியவில்லை.

ப்ரோகா பகுதி பேசுவதற்கு, வெர்னிக்கே பகுதி புரிந்துகொள்வதற்கு. பள்ளிப் பாடத்தில் இவ்வளவுதான் இருக்கும். ஆனால் கதை அவ்வளவு சிம்பிள் இல்லை.

நல்ல வேளையாக, லெபோர்னின் மூளையை ப்ரோகா துண்டு போடாமல் அப்படியே பாதுகாத்து வைத்திருந்தார். 2007-ல் அதை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்த ஆய்வின் முடிவு வெளியானது. பாதிப்பு ப்ரோகா பகுதியோடு நிற்கவில்லை. ஆழத்தில், மூளையின் முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்கும் நரம்பிழைக் கற்றைகள் வரை போயிருந்தது. அதாவது, மொழி ஒரே அறைக்குள் பூட்டி வைத்த பொருள் இல்லை. பல இடங்களை இணைக்கும் ஒரு நெட்வொர்க். வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு அது இடது பக்கம்தான் பலமாக இருக்கும்.

அந்த நெட்வொர்க்குக்கு வாயும் காதும்கூடக் கட்டாயமில்லை. பிறவியிலேயே காது கேளாமல் சைகை மொழி பேசி வளர்ந்தவர்களை கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவன ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். இடது மூளை பாதிக்கப்பட்டபோது அவர்களுக்குச் சைகை மொழி தடுமாறியது. கை நன்றாகத்தான் அசைந்தது, மொழிதான் போயிருந்தது.

இதன் வேகம் இன்னொரு ஆச்சரியம். "காலையில காபியில சர்க்கரைக்குப் பதிலா செருப்பு போட்டேன்." இப்போது 'செருப்பு' என்ற சொல்லில் உங்கள் மூளை ஒரு செகண்ட் முழிச்சிருக்கும் இல்லையா? உண்மையில் ஒரு செகண்ட்கூட இல்லை, சுமார் 400 மில்லி செகண்ட். இப்படிப் பொருந்தாத சொல் வரும்போது மூளையில் எழும் மின் அலையை அமெரிக்க ஆய்வாளர்கள் கூட்டாஸ், ஹில்யார்ட் இருவரும் 1980-லேயே பதிவு செய்துவிட்டார்கள்.

சரி, மொழி போனால் அறிவும் போய்விடுமா?

2005-ல் பிரிட்டன் ஆய்வாளர் ரோஸ்மேரி வார்லி குழு, கடுமையான பேச்சிழப்பு உள்ள மூன்று ஆண்களைச் சோதித்தது. யார் யாரைக் கொன்றார் என்பதுபோல, இடம் மாறினால் பொருள் மாறும் ஆங்கில வாக்கியங்களில் அவர்கள் தடுமாறினார்கள். (தமிழில் இந்த வேலையைப் பெரும்பாலும் 'ஐ' உருபு பார்த்துக்கொள்ளும்.) ஆனால் 59-லிருந்து 13-ஐக் கழிப்பதும், 13-லிருந்து 59-ஐக் கழிப்பதும் வேறு வேறு என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அடைப்புக்குறி போட்ட கணக்குகளையும் போட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு என் பெரியப்பா ஞாபகம் வந்தது. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவருக்கு "வந்து... வந்து" என்பதைத் தாண்டி அதிகம் வரவில்லை. பார்க்க வந்தவர்கள் காது கேட்காதவரிடம் பேசுவதுபோலக் கத்தினார்கள். "பாவம், புத்தி பேதலிச்சிடுச்சு" என்று அவர் எதிரிலேயே சொன்னவர்களும் உண்டு. ஒருநாள் பால்காரர் சொன்ன தொகையைக் கேட்டு, சுவர் காலண்டரில் பால் வாங்காத இரண்டு நாள்களை விரலால் தட்டிக் காட்டினார் பெரியப்பா. அதற்கப்புறம்தான் வீட்டில் குரல் இறங்கியது.

மருத்துவத்தில் இதற்கு 'அஃபேசியா' என்று பெயர். இதற்கு மிக முக்கியக் காரணம் பக்கவாதம். பேச வராதவர்களில் சிலருக்குப் பாட்டு வரும், எண்ணிக்கை வரும், லெபோர்னுக்கு வந்ததுபோல வசவும் வரும். பழகிப்போன சொற்களிலும் ராகத்திலும் வலது மூளைக்கும் பங்கு இருப்பது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. சொற்களை ராகத்தோடு, இடது கையால் தாளம் தட்டிச் சொல்ல வைக்கும் பயிற்சி 1970-களில் பாஸ்டனில் உருவானது. 2011-ல் தலையில் குண்டடிபட்ட அமெரிக்க எம்.பி. கேபி கிஃபர்ட்ஸும் பாட்டின் உதவியோடுதான் சொற்களை மீட்கப் பழகினார். எல்லோருக்கும் இது ஒரே மாதிரி பலன் தராது. ஸ்பீச் தெரபிஸ்ட்தான் ஒவ்வொருவருக்கும் ஏற்றதை முடிவு செய்வார்.

வீட்டில் யாருக்காவது திடீரென்று பேச்சு குழறினாலோ, சொல் வராமல் தவித்தாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று விடாதீர்கள். 108-க்கு போன் செய்யுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதுவும் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகு. அதனால் அறிகுறி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளில் அது ஒன்று.

ஏற்கெனவே பேச்சிழந்தவர் வீட்டில் இருந்தால், "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்பதைவிட "இட்லி வேணுமா?" என்று கேளுங்கள். தலையசைக்க முடியும். அவர் சொல்லைத் தேடும்போது நீங்கள் முந்திக்கொண்டு முடித்து வைக்காமல், கொஞ்சம் காத்திருங்கள்.