முடிவின் ஐயமும் ஐயத்தின் அரசியலும்: ‘த டார்க் நைற் றைசஸ்’ திரைப்படம் குறித்து ஒரு நோக்கு

வெகுசனக் கலைப்படைப்பொன்றின் முடிவு குறித்து எழும் விவாதம், அப்படைப்பைப் பற்றி மட்டுமன்றி, விவாதிப்போர் எவ்வகை வினாக்களை எழுப்பப் பழக்கப்பட்டுள்ளனர் என்பதனையும் புலப்படுத்தும். கிறிஸ்தோபர் நோலன் இயக்கி 2012 யூலையில் வெளிவந்த ‘த டார்க் நைற் றைசஸ்’ இதற்குத் தக்கதோர் உதாரணமாகும். 1939இல் பொப் கேன், பில் ஃபிங்கர் ஆகியோரால் சித்திரக்கதைப் பாத்திரமாக உருவாக்கப்பெற்ற பற்மானை நாயகனாகக் கொண்டு நோலன் எடுத்த மூன்று படங்களுள் இது இறுதியானது. நாயகன் இறந்தானா, பிழைத்தானா என்பதே சர்ச்சை. அவ்வினாவுக்கான விடை படத்தினுள்ளேயே உண்டு என்பதும், உண்மையான தெளிவின்மை பிறிதோரிடத்தில் உறைகின்றது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

கோதம் நகரின் பெருஞ்செல்வனாகிய புறூஸ் வெயினே முகமூடியணிந்த பற்மான். அவனை வளர்த்த முதிய பணியாளரான அல்பிரட், படத்தின் முற்பகுதியில் தமது நெடுநாட் கற்பனையொன்றைக் கூறுகின்றார். புறூஸ் நகரைவிட்டு மறைந்திருந்த காலத்தில் ஆண்டுதோறும் புளோரன்ஸ் சென்று, ஆர்னோ ஆற்றங்கரைச் சிற்றுண்டிச்சாலையொன்றில் அமர்ந்து, எதிரே புறூஸ் மனைவியுடன் இருக்கக் காண்பதாக அவர் எண்ணிக்கொள்வாராம். படத்தின் இறுதியில், நகரை அழிக்கவல்ல அணுகுண்டை வானூர்தியிற் பிணைத்துக் கடலுக்கு மேலே கொண்டுசென்ற புறூஸ் மடிந்துவிட்டதாகவே யாவரும் நம்புகின்றனர். பின்னர் அதே புளோரன்சில் அல்பிரட் தலைநிமிர்கின்றார். எதிரே புறூஸ், அருகில் முன்னாள் திருடியான செலினா கைல். ஒரு தலையசைப்பு, பேச்சில்லை.

இக்காட்சி அல்பிரட்டின் துயர் தோற்றுவித்த மனத்தோற்றமே என்போர் இரு காரணங்களைக் காட்டுவர். ஒன்று, முன்னர் அவர் கூறிய கற்பனையை அது ஏறத்தாழ அவ்வாறே ஒத்திருத்தல். மற்றையது, வெடிப்புக்குச் சில வினாடிகள் முன்வரை புறூஸ் வானூர்தியினுள் இருப்பதாகப் படத்தொகுப்பு காட்டுதல். சுழலும் பம்பரம் விழுமா என்பதைக் காட்டாது முடிந்த நோலனின் ‘இன்செப்ஷன்’ (2010) இவ்வையத்துக்கு உரமூட்டியிருக்கலாம். ஆயினும் எதிர்ச்சான்றுகள் வலிமையானவை. வானூர்தியின் தன்னியக்கச் செலுத்துமுறையைப் புறூஸ் ஆறு மாதங்களுக்கு முன்னரே சீர்செய்துவிட்டமை ஃபொக்ஸுக்குத் தெரியவருகின்றது. பொலிசார் பற்மானை அழைக்கப் பயன்படுத்திய, உடைந்துகிடந்த ஒளிச்சமிக்ஞை புதுப்பிக்கப்பட்டிருப்பதைக் கோடன் காண்கின்றார். குடும்பத்து முத்துமாலை சொத்துப்பட்டியலிற் குறைகின்றது. ஒருவரது மனத்தோற்றம், அவர் இல்லாத இடங்களிற் தடயங்களை விட்டுச்செல்ல இயலாது. புறூஸாக நடித்த கிறிஸ்டியன் பேலும், அது கனவன்று என்றும், வெயினாக வாழும் சலுகையிலிருந்தும் சுமையிலிருந்தும் அவன் விடுதலை பெற்றான் என்றும் 2014இல் தம் கருத்தைத் தெரிவித்தார்.

எனின், எவருடைய விடுதலை இது என்ற வினா எழுகின்றது. இதனை நோக்குதற்கு, படம் தானே சான்றுக்கழைக்கும் நூலொன்று உதவும். கல்லறையருகே கோடன் வாசிப்பது, சாள்ஸ் டிக்கன்ஸின் ‘இரு நகரங்களின் கதை’ (1859) நாவலின் இறுதி வரிகளையாகும். திரைக்கதையாசிரியர்களான நோலன் சகோதரர்கள் இந்நாவலின் செல்வாக்கை வெளிப்படையாக ஏற்றவர்கள். நாவலில் சிட்னி காட்டன் உண்மையாகவே கொலைக்கருவியின்கீழ் மடிகின்றான். படத்திலோ தியாகத்தின் புகழுரை மடியாத ஒருவனுக்கு உரியதாகின்றது. தியாகத்தின் மகிமையும் தப்பிப்பிழைத்தலின் இன்பமும் ஒருங்கே நாயகனுக்குக் கிட்டுகின்றன.

இதனிலும் முக்கியமான வேறுபாடொன்றுண்டு. டிக்கன்ஸ் புரட்சியின் வன்முறைக்கு அஞ்சியவர். ஆயினும் பிரபுக்களின் கொடுமையே அதனை ஈன்றது என்பதை மறைத்தாரல்லர். அறநெறிப் பக்கத்துக்கு முதன்மையளித்ததனால், பாத்திரங்களின் வாழ்வுக்கும் பிரெஞ்சுப் புரட்சிக்கும் இடையிலான தொடர்பை அவர் தளர்த்திவிட்டார் என லூக்காச் ‘வரலாற்று நாவல்’ என்னும் நூலிற் குறைகூறினார். நோலனின் படத்தில் அத்தொடர்பு ஏறத்தாழ அறுந்தேவிடுகின்றது. சிலர் மிகுதியாக வாழ்ந்து ஏனையோருக்கு எஞ்சவிடாத நிலை நீடிக்காது என முற்பகுதியில் எச்சரிப்பவள் செலினா. அவளே இறுதியில் அச்செல்வனின் துணைவியாகப் புளோரன்சில் அமர்ந்திருக்கின்றாள். எச்சரிக்கை மறுக்கப்படவில்லை; உள்வாங்கப்பட்டு மௌனமாக்கப்படுகின்றது. நகரை மக்களிடம் ஒப்படைப்பதாக முழங்கும் பேன், அந்நகரை அழிக்கும் குண்டையே கையில் வைத்திருக்கும் வஞ்சகன். இவ்வாறு, கிளர்ச்சி என்பதே ஏமாற்று என்னும் கருத்துநிலை கதையமைப்பினூடாக இயல்பானதாக்கப்படுகின்றது.

மக்கள் எங்கே? ‘த டார்க் நைற்’ (2008) படத்தில் இரு படகுகளில் இருந்த சாதாரண பிரசைகளும் சிறைக்கைதிகளும் ஒருவரையொருவர் அழிக்க மறுத்தனர். அங்கு மக்களுக்குத் தீர்மானம் எடுக்கும் ஆற்றல் இருந்தது. அடுத்த படத்தின் பெருஞ்சமர் பொலிசாருக்கும் கூலிப்படையினருக்கும் இடையிலேயே நிகழ்கின்றது. ஹார்வி டென்ற் பற்றிய பொய்யின்மீது இயற்றப்பெற்ற சட்டத்தால் ஆயிரம் பேர் சிறையிலிருந்தனர். அப்பொய் அம்பலமான பின் அச்சட்டம் என்னவாயிற்று? பறிக்கப்பட்ட மாளிகைகள் எவரிடம் மீண்டன? இவ்வினாக்களுக்குப் படம் விடைதரவில்லை. உண்மையான தெளிவின்மை இதுவே. வெயினின் மாளிகை அநாதைச் சிறுவர் இல்லமாவதும், பற்மானுக்குச் சிலை எழுவதும் அவ்வெற்றிடத்தை நிரப்புகின்றன: சமூக மாற்றத்தின் இடத்தில் தருமமும் நினைவுச்சின்னமும்.

இப்படம் வோல் ஸ்றீற் ஆக்கிரமிப்பு இயக்கத்துக்கு எதிரான பிரசாரம் எனச் சிலர் கொள்வர். படப்பிடிப்பு 2011 மேயில் ஆரம்பமாயிற்று; அவ்வியக்கம் செப்டெம்பரிலேயே தோன்றியது. ஆதலின் நேரடி எதிர்வினை என்பது பொருந்தாது. ஆனால் இரண்டும் 2008இன் நிதிநெருக்கடிக்குப் பிந்திய ஒரே சூழலில் உருவானவை. ஆசிரியரின் நோக்கத்தைக் குற்றஞ்சாட்டுவதைவிட, படைப்பு எதனைச் சொல்கின்றது, எதனைச் சொல்லாது விடுகின்றது என்று காண்பதே விமரிசனத்தின் பணியாகும்.

புளோரன்சில் இருப்பவன் மெய்யா, நிழலா என்ற விவாதம் இரசிகர்களுக்கு இன்பமளிப்பது, அவ்வின்பத்தை ஏளனஞ்செய்வதற்கில்லை. தடயங்களைத் தேடி ஒப்பிடும் அக்கூர்மை விமரிசன உணர்வின் தொடக்கமே. அதே கூர்மை, ஒரு செல்வனின் விதியிலிருந்து கோதம் மாந்தரின் விதியை நோக்கித் திரும்புமாயின், படம் முடிந்த பின்னரும் கேட்பதற்கு வினாக்கள் பல உள.