சவரக்கத்திக்குப் பனைவயிரப் பிடி

கொடிகாமத்துப் பழைய வீட்டுப் பெட்டகத்தில் மடக்குச் சவரக்கத்தி ஒன்று துருவேறிக் கிடந்தால், அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பிடி வெடித்திருந்தாலும் அலகு நல்ல உருக்காயின் இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும்.

முதலில் அலகின் அடியிலுள்ள முத்திரையைப் பாருங்கள். பெயர்பெற்ற கத்திகள் பல இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் பிறந்தவை. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டுமென்று அமெரிக்கா 1890இல் சட்டம் இயற்றியது. ஆகவே, ‘இங்கிலாந்து’ என்று பொறித்த ஷெஃபீல்ட் கத்தி பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. 1903இல் ஜில்லெட்டின் மாற்று பிளேட் ரேசர் விற்பனைக்கு வந்தபின், மடக்குக் கத்தி மெல்ல ஒதுங்கியது.

வாயில் வெடிப்பு ஓடியிருந்தால் அந்தக் கத்தி சவரத்துக்கு உதவாது. துரு மட்டுமென்றால், எண்ணெய் தொட்ட நுண்ணிய அரத்தாளால் கையாலேயே தேயுங்கள். மெஷினில் பிடித்தால் மெல்லிய வாய் சூடேறி நீலம் பாயும். அந்த இடத்தில் உருக்கின் கடினம் போய்விடும். முதுகை மட்டும் வீணாகத் தேய்க்காதீர்கள். தீட்டும்போது முதுகும் வாயும் ஒன்றாகவே கல்லில் படிகின்றன. முதுகின் தடிப்புத்தான் வாயின் கோணத்தைத் தீர்மானிக்கிறது.

பழைய பிடி செலுலாய்ட் என்றால் கழற்றிவிடுவதே நல்லது. அது சிதையும்போது வெளிவரும் அமில வாயு அலகை அரிக்கும். புதுப் பிடிக்குத் தென்மராட்சியின் பனையே போதும். வேம்புக்கு வயிரம் நடுவில், பனைக்கோ வெளிச்சுற்றில். முற்றிய பனையில் கருநார் நெருங்கிய அந்தப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 3 மி.மீ. தடிப்பில் இரண்டு தகடுகள் அறுத்துக்கொள்ளுங்கள். துளையிடும்போது அடியில் பலகை வைத்தால் நார் பிளக்காது. வால்முனையில் தகடுகளுக்கிடையே சிறு ஆப்பு வைக்க வேண்டும். மூடும்போது அலகு நேராக நடுவில் இறங்குவதும் வாய் மரத்தில் இடிபடாதிருப்பதும் இந்த ஆப்பின் அளவைப் பொறுத்தவை. பிறகு 1.6 மி.மீ. பித்தளைக் கம்பியைச் செருகி, சிறு வாஷர் போட்டு, முனை குடைபோல விரியும்வரை மெதுவாகத் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் தகடு வெடிக்கும்.

கடைசியில் 1000, 5000, 8000 எண் கற்களில் வரிசையாகத் தீட்டுங்கள். கல்லில் வாய் முன்னே போகவேண்டும். தோல்வாரில் முதுகு முன்னே போகவேண்டும். மாறினால் வார் அறுபடும், கூரும் மழுங்கும்.

சவரம் முடிந்ததும் கழுவித் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் தடவி வையுங்கள். ஒருவருடைய கத்தியை மற்றவர் தொடவே கூடாது. ஹெப்படைட்டிஸ் பி போன்ற நோய்கள் இரத்தத்தின் வழியே பரவும்.