பழைய, புதிய அரேஞ்சர் கீபோர்டுகள்: வாங்கும் முன் ஒப்பிடுதல்

அரேஞ்சர் கீபோர்டு என்பது, வாசிப்பவர் இடக்கையால் பிடிக்கும் கார்டுக்கு ஏற்ப டிரம்ஸ், பேஸ், கிட்டார், வயலின் கூட்டம் போன்ற துணை இசையைத் தானே சேர்த்து ஒலிக்கும் மின்னணு இசைக்கருவி ஆகும். தமிழ்நாட்டில் மெல்லிசைக் குழுக்கள், தேவாலயப் பாடகர் குழுக்கள், திருமண நிகழ்ச்சிகள், இசைப் பயிற்சி வகுப்புகள், வீடுகள் எனப் பல இடங்களில் இது பயன்படுகிறது. யமஹா, காசியோ, கோர்க், ரோலண்டு ஆகிய ஜப்பானிய நிறுவனங்களின் கருவிகள் இங்கு பரவலாகக் கிடைக்கின்றன.

இக்கருவியை வாங்குவோர் பலருக்கும் ஒரு குழப்பம் வருகிறது. கையிலுள்ள தொகைக்குக் கடையில் புதிய தொடக்கநிலைக் கருவி ஒன்று கிடைக்கும். அதே தொகைக்கு, ஒரு காலத்தில் பல மடங்கு விலைக்கு விற்ற உயர்நிலைக் கருவி ஒன்று செகண்ட் ஹேண்டாகவும் கிடைக்கும். இவற்றில் எதை எடுப்பது? ஆண்டை மட்டும் பார்த்து இதற்கு விடை காண முடியாது. கருவியின் வகுப்பு, அதன் இன்றைய உடல்நிலை, அதிலுள்ள பதிவுகளை வெளியே எடுக்கும் வசதி ஆகிய மூன்றையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வகுப்பும் தலைமுறையும்

ஒவ்வொரு நிறுவனமும் ஒரே காலத்தில் பல வகுப்புகளில் கருவிகளை விற்கிறது. யமஹாவை எடுத்துக்கொண்டால், பிஎஸ்ஆர்-எஃப் வரிசை மிக எளியது. பிஎஸ்ஆர்-இ வரிசை மாணவர்களுக்கானது. பிஎஸ்ஆர்-ஐ வரிசை இந்தியத் தாளங்களையும் ஒலிகளையும் சேர்த்து இந்தியச் சந்தைக்கென வந்தது. இவற்றுக்கு மேலே, மேடைக் கலைஞர்கள் பயன்படுத்தும் பிஎஸ்ஆர்-எஸ் வரிசை இருந்தது. 2019இல் வந்த எஸ்எக்ஸ்700, எஸ்எக்ஸ்900 ஆகியவை அதன் அடுத்த தலைமுறை. உச்சத்தில் 2002இல் டைரோஸ் வரிசையும், 2017இல் ஜெனோஸும் வந்தன. காசியோவில் சிடி-எஸ் வரிசையின் தொடக்க மாதிரிகள் எளியவை. 2018இல் வந்த சிடி-எக்ஸ் வரிசை அவற்றுக்கு மேற்பட்டது. கோர்க் நிறுவனத்தின் பிஏ வரிசை மேடைக் கலைஞர்களுக்கானது.

வகுப்பு வேறுபாட்டை ஸ்டைலின் அமைப்பில் தெளிவாகக் காணலாம். ஸ்டைல் என்பது ஒரு தாளத்துக்குரிய துணை இசைத் தொகுப்பு. 2020இல் வந்த பிஎஸ்ஆர்-இ373 கருவியில் ஒரு ஸ்டைலுக்கு ஒரு முன்னிசை, மெயின் ஏ, மெயின் பி, ஒரு முடிவிசை, நடுவில் ஃபில்-இன் ஆகியவை இருக்கும். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே வந்த பிஎஸ்ஆர்-எஸ்970 கருவியில் மூன்று முன்னிசைகள், நான்கு மெயின்கள், அவற்றுக்குரிய நான்கு ஃபில்-இன்கள், ஒரு பிரேக், மூன்று முடிவிசைகள் எனப் பதினைந்து பகுதிகள் உண்டு. பல்லவியை மெலிதாகத் தொடங்கிச் சரணத்தில் படிப்படியாக ஏற்ற வேண்டிய மேடைக் கலைஞருக்கு இந்த வேறுபாடு பெரிது. விரல் பழகும் மாணவருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் இது தேவைப்படாது.

பாலிஃபோனி: ஒரு சிறு கணக்கு

ஒரே நேரத்தில் ஒரு கருவி எத்தனை ஒலிகளை எழுப்ப முடியும் என்பதே பாலிஃபோனி எண். யமஹா பிஎஸ்ஆர்-இ353இல் இது 32, காசியோ சிடி-எக்ஸ்700இல் 48, பிஎஸ்ஆர்-எஸ்970இல் 128. இரண்டு கைகளிலும் சேர்த்துப் பத்து விரல்தானே, 32 போதாதா என்று தோன்றலாம். அரேஞ்சரில் கணக்கு வேறு.

ஒரு நொடியில் டிரம்ஸ் 3 ஒலி, பேஸ் 1, கிட்டார் 4, வயலின் கூட்டம் 4 எனத் துணை இசை 12 ஒலிகளை எடுத்துக்கொள்கிறது என்று கொள்வோம். வலக்கை மூன்று கட்டைகளை அழுத்துகிறது. இரண்டு வாய்ஸ்கள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. அது 6. மொத்தம் 18. ஆனால் நல்ல வாய்ஸ் பலவும் இரண்டு ஒலிப்பதிவுகளைச் சேர்த்தே அமைக்கப்படுகின்றன. டிரம்ஸ் நீங்கலாக உள்ள 15 ஒலிகளும் அப்படி இரட்டித்தால் 30. டிரம்ஸையும் சேர்த்து 33. சஸ்டெயின் பெடலை மிதித்தால் முந்தைய ஸ்வரங்களும் கூடவே நிற்கும். எண் நிரம்பியதும் கருவி சில ஒலிகளைத் துண்டித்துவிடும். நீண்டு நிற்க வேண்டிய ஸ்வரம் பாதியில் அறுபடுவதற்கு இதுவே வழக்கமான காரணம். ஆயிரம் வாய்ஸ் உள்ளது என்ற விளம்பரத்தைவிட இந்த எண்ணையே முதலில் பார்க்க வேண்டும்.

காலத்தால் பின்தங்குபவை

பழைய உயர்நிலைக் கருவிகளில் முதலில் பின்தங்குவது சேமிப்பு முறை. யமஹா பிஎஸ்ஆர்-2000, முதல் டைரோஸ் போன்றவை ஃபிளாப்பி டிஸ்க்கை நம்பியவை. பிஎஸ்ஆர்-3000 ஸ்மார்ட் மீடியா என்னும் அட்டையைப் பயன்படுத்தியது. அந்த அட்டை இன்று உற்பத்தியில் இல்லை. பின்னர் வந்த கருவிகளில் பென் டிரைவ் பொருத்தலாம். ஃபிளாப்பி டிரைவ் பழுதானால் அதன் இடத்தில் பென் டிரைவ் ஏற்கும் மாற்றுக் கருவியைப் பொருத்துவோரும் உண்டு; அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஸ்டைல் கோப்பின் வடிவம். யமஹா 2008இல் டைரோஸ்3 கருவியுடன் கிட்டார் ஒலியமைப்பை மேம்படுத்திய புதிய ஸ்டைல் வடிவத்தைக் கொண்டுவந்தது. பழைய வடிவ ஸ்டைல்களைப் புதிய கருவிகள் ஏற்கும். புதிய வடிவ ஸ்டைல்களைப் பழைய கருவிகள் சரியாக வாசிக்கா. இன்று விலைக்கோ இலவசமாகவோ கிடைக்கும் ஸ்டைல்களை நம்பிப் பழைய கருவி வாங்குபவர், ஒரு கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோய் அந்தக் கருவியிலேயே போட்டுப் பார்த்துவிட வேண்டும். ஒரு நிறுவனத்தின் ஸ்டைல் மற்றொரு நிறுவனத்தின் கருவியில் நேரடியாக ஓடாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மூன்றாவது, கூடுதல் ஒலித் தொகுப்புகள். எஸ்எக்ஸ்700இல் இதற்கு ஏறத்தாழ 400 எம்பி, எஸ்எக்ஸ்900இல் ஏறத்தாழ 1 ஜிபி இடம் உள்ளது. விலைக்கு வாங்கிய தொகுப்புகள் பெரும்பாலும் அந்த ஒரு கருவியின் அடையாளத்தோடு பூட்டப்பட்டிருக்கும். வேறு கருவிக்கு மாற்ற முடியாது. எனவே நாதஸ்வரம், தவில் தொகுப்பு உள்ளது என்று சொல்லி விற்பவரிடம், அதைக் கருவியிலேயே வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

புதிய கருவிகளின் உண்மையான லாபங்களும் இங்கேதான் உள்ளன. எஸ்எக்ஸ் வரிசையில் தொடுதிரை வந்தது. எளிய பிஎஸ்ஆர்-இ373இல்கூட ஒரே யுஎஸ்பி கேபிள் வழியாகக் கணினியில் இசையைப் பதியலாம். இவற்றோடு உத்தரவாதமும், உதிரி பாகம் கிடைக்கும் வாய்ப்பும் புதியதற்கே அதிகம்.

காலத்தால் மாறாதவை

கட்டைகளின் தரம், பிட்ச் பெண்ட், பெடல் வசதி, ஒலி வெளியேறும் வழிகள் ஆகியவை பழையதிலும் அதே பயனைத் தருகின்றன. புதிய மலிவான கருவிகளில் இவற்றில் ஏதேனும் ஒன்று குறைந்திருக்கும். காசியோ சிடி-எஸ்200இல் டச் ரெஸ்பான்ஸ், அதாவது அழுத்தும் வேகத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையும் வசதி, இல்லை. சற்றே விலை கூடிய சிடி-எஸ்300இல் உண்டு. பிஎஸ்ஆர்-இ373இல் டச் ரெஸ்பான்ஸ் உண்டு. பிட்ச் பெண்ட் சக்கரம் இல்லை. கமகம் தொனிக்க வாசிக்க விரும்புபவருக்கு அது பெருங்குறை. டச் ரெஸ்பான்ஸ் இல்லாத கருவியில் பழகிய குழந்தை, பின்னர் நல்ல கருவிக்கோ பியானோவுக்கோ மாறும்போது விரல் பழக்கத்தை முதலிலிருந்து கற்க வேண்டிவரும். இசைத் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், தேர்வு நடத்தும் அமைப்பு கருவிக்கு விதிக்கும் நிபந்தனைகளை முன்கூட்டியே படித்துவிடுவது நல்லது.

பழைய கருவியைச் சோதிக்கும் முறை

1. 61 கட்டைகளையும் ஒவ்வொன்றாக மெதுவாக, ஒரே அளவில் அழுத்துக. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் கார்பன் பூசிய ரப்பர் தொடர்பு இரண்டு உண்டு. அவை அடுத்தடுத்துத் தொடும் நேர இடைவெளியைக் கொண்டே கருவி வேகத்தை அளக்கிறது. தூசியோ தேய்மானமோ இருந்தால் ஒரு கட்டை ஒலிக்காது, அல்லது மெதுவாக அழுத்தினாலும் திடீரென உரக்க ஒலிக்கும். ஓரிரு கட்டைகள் மட்டும் என்றால் சுத்தம் செய்தே சரியாக்க வாய்ப்புண்டு. பல கட்டைகள் என்றால் ரப்பர் பட்டையை மாற்ற வேண்டும்.

2. ஒலியளவுக் குமிழைத் திருப்பும்போது கரகரப்பு எழுகிறதா, திரை முழுவதும் தெளிவாகத் தெரிகிறதா, எல்லாப் பொத்தான்களும் ஒரே அழுத்தில் வேலை செய்கின்றனவா எனப் பார்க்க.

3. ஒரு ஸ்டைலை ஓடவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் அணைக்காமல் வைக்க. சூடேறிய பின் வெளிப்படும் பழுதுகள் ஐந்து நிமிடச் சோதனையில் தெரியா.

4. அமைப்பு ஒன்றைச் சேமித்து, அணைத்து, மின் இணைப்பையும் எடுத்து, மீண்டும் இயக்கிப் பார்க்க. பென் டிரைவில் எழுதவும் படிக்கவும் செய்க.

5. அடாப்டர் அசல்தானா எனக் காண்க. வோல்ட் மட்டுமன்றி, நடுமுனை நேர்மின்னா எதிர்மின்னா என்பதும் கருவிக்குக் கருவி மாறும். பொருந்தாத அடாப்டர் கருவியைப் பழுதாக்கிவிடும்.

6. ஹெட்போனிலும், வெளி ஸ்பீக்கரிலும், கருவியின் சொந்த ஸ்பீக்கரிலும் தனித்தனியே கேட்க.

கடற்கரை ஊர்களில் பயன்பட்ட கருவி என்றால் இணைப்புத் துளைகளிலும் திருகுகளிலும் துரு உள்ளதா எனக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

யாருக்கு எது

தொடக்க மாணவருக்கு டச் ரெஸ்பான்ஸ் உள்ள புதிய 61 கட்டைக் கருவியே ஏற்றது. உத்தரவாதம் இருப்பதால், பழுதுபார்க்கும் கவலையில் பயிற்சி தடைபடாது. தேவாலயத்திலோ சிறு நிகழ்ச்சிகளிலோ வாசிப்பவர், மேற்கண்ட சோதனைகளில் தேறிய, பென் டிரைவ் ஏற்கும் பழைய உயர்நிலைக் கருவியை எடுக்கலாம். நான்கு மெயின்களும் கூடிய பாலிஃபோனியும் உடனே பயன்தரும். மேடையே தொழிலாகக் கொண்டவருக்கு, நிகழ்ச்சி நடுவே கருவி நின்றால் அன்றைய வருமானமும் அடுத்த வாய்ப்பும் போகும். அவர் உதிரி பாகமும் பழுதுபார்ப்பவரும் தன் ஊரிலோ அருகிலோ கிடைக்கும் மாதிரியையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

விலையை ஒப்பிடும்போது அடாப்டர், பெடல், ஸ்டாண்டு, பை, தேவையான பழுதுபார்ப்பு ஆகிய அனைத்தையும் கேட்ட விலையோடு கூட்டி எழுதிக்கொள்க. அந்தக் கூட்டுத்தொகை அதே பயனைத் தரும் புதிய கருவியின் விலையை நெருங்கினால், பழையதை விட்டுவிடலாம்.