வைஃபையில் குரல் ஏன் அறுந்து போகிறது?

வெளியூரிலிருக்கும் மகளோடு வைஃபை வழியே பேசிக்கொண்டிருக்கும் தகப்பனார், கூடத்தில் இருந்தவரை தெளிவாகக் கேட்ட குரல் சமையலறையில் கால் வைத்ததும் துண்டு துண்டாக உடைவதைக் கண்டு, "கேட்கிறதா, கேட்கிறதா?" என்று கூவிக்கொண்டே வாசலுக்கு ஓடுவது இன்று பல வீடுகளில் நித்தியக் காட்சி. இணைய வேகம் போதவில்லையென்று தீர்மானித்து, கூடுதல் பணம் கட்டுகிறோம். குரலோ பழையபடியே அறுகிறது.

குற்றம் பெரும்பாலும் வேகத்தினுடையதன்று. இணையத் தொலைபேசி நம் பேச்சைச் சாதாரணமாக 20 மில்லிவிநாடிக்கு ஒன்றாக நறுக்கி, விநாடிக்கு 50 பாக்கெட்டுகளாக அனுப்புகிறது, ஜி.711 என்னும் பழைய முறையில்கூடக் குரலுக்கு வேண்டுவது விநாடிக்கு 64 கிலோபிட்தான்; மேல்விலாசமும் உறையும் சேர்ந்தால் 100 கிலோபிட்டை நெருங்கும், அவ்வளவே. சினிமாப் படத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது அற்பம். ஆனால் படம் முன்கூட்டியே வந்து காத்திருக்கலாம். பேச்சுக்கு அந்த அவகாசமில்லை. ஒரு வழிப் பிரயாணம் 150 மில்லிவிநாடிக்குள் முடிந்தால் சம்பாஷணை இயல்பாக நடக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த அளவு.

காற்றிலோ ஒரே சானலில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேசலாம். ஒவ்வொரு சாதனமும் அனுப்புமுன் செவிமடுத்து, பிறர் பேசினால் ஒதுங்கி நின்று, சீட்டுக் குலுக்கினாற்போல் தனக்கு விழுந்த சிறு நேரம் கழிந்த பின்பே வாய் திறக்கிறது. பக்கத்து வீட்டு ரவுட்டரும் அதே வரிசையில் நிற்கிறது. மூலை அறையிலிருந்து மந்தகதியில் அனுப்பும் பழைய கைபேசி நெடுநேரம் காற்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை காத்திருக்க வேண்டியதுதான். வைஃபையின் ஓர் அலைவரிசையிலேயே, 2.45 கிகாஹெர்ட்ஸில், இரைச்சலிடும் மைக்ரோவேவ் அடுப்புக்கோ இந்த மரியாதையெல்லாம் தெரியாது. சமையலறை மர்மம் பல வீடுகளில் அதுவே. இப்படித் தாறுமாறாக வந்து சேரும் பாக்கெட்டுகளைச் சமன்செய்யக் கேட்கும் முனையில் சிறிது நேரம் நிறுத்திவைக்கிறார்கள். அதற்கும் பிந்தியது, பந்தி முடிந்தபின் வந்த விருந்தாளியைப்போல, பழுதில்லாமல் வந்தும் பயனின்றித் திரும்புகிறது.

2005-ல் வந்த 802.11இ என்னும் வைஃபை தரம் குரலுக்கு முதலிடம் தந்தது. நியாயமான ஏற்பாடுதான், ஆயினும் பாக்கெட்டின்மேல் குரலென்ற முத்திரை விழாவிட்டால் அதனால் லாபமில்லை.

ஆகவே ரவுட்டரை அலமாரியிலிருந்து எடுத்து நடுக்கூடத்தில் வைத்து, அடுப்பின் இரைச்சல் எட்டாத 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசிப் பாருங்கள். முக்கியமான பேச்சென்றால் கம்பியையே செருகுங்கள். வேகத்துக்குப் பணம் கட்டுவதை அதன்பின் யோசிக்கலாம்.